மடிக்கணினி உறைவது ஏன்?

மடிக்கணினி 'ஹேங்' ஆகிவிட்டது என்று சொல்லப்படும் நிலை, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், உண்மையில் இருவேறு கோளாறுகளைக் குறிக்கக்கூடும். முதலாவது, விண்டோஸ் போன்ற இயங்குதளம் இயங்கிக்கொண்டே இருந்தும், ஏதோ ஒரு பாகத்திலிருந்து வரவேண்டிய தரவுக்காகக் காத்துக் கிடப்பது. இரண்டாவது, இயங்குதளமே அடியோடு நின்றுபோவது. கேப்ஸ் லாக் விசைக்கு விளக்கு உள்ள கணினிகளில், திரை உறைந்திருக்கும்போது அவ்விசையை அழுத்திப் பார்த்தால், விளக்கு எரிந்து அணையுமாயின் பெரும்பாலும் முதல் வகை என்றும், எந்த மாற்றமும் இல்லையெனில் இரண்டாம் வகை என்றும் ஊகிக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் எடுத்த எடுப்பிலேயே 'ஃபார்மட்' செய்துவிடுவது, நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

காத்திருக்கும் வகைக்கு மிகப் பொதுவான காரணம் நினைவகப் பற்றாக்குறையாகும். இயங்கும் நிரல்களும் அவற்றின் தரவும் 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவகத்தில் தங்குகின்றன. அங்கே இடம் போதாதபோது, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவைத்து, வேண்டும்போது மீட்டுக்கொள்கிறது. 1962ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினியில் செயல்பட்ட இந்த ஏற்பாடு, சிறிய நினைவகத்தைப் பெரியதுபோலக் காட்டும் அரிய உத்தியேயாயினும், அளவு மீறினால் கணினி தன் நேரத்தையெல்லாம் இப்பகுதிகளை இடம் மாற்றுவதிலேயே செலவழித்து, உருப்படியான வேலை எதையும் செய்யாத நிலையை எட்டிவிடும். 'த்ராஷிங்' எனப்படும் இந்நிலையின் காரணங்களை 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கிக் கட்டுரை எழுதினார். 4 ஜிபி ராம் கொண்ட ஒரு கணினியில் பிரவுசரின் இருபது முப்பது தாவல்களைத் திறந்து வைப்பவர் இன்று காண்பதும் அதே நிலைதான்.

இந்தக் காத்திருப்பு ஏன் அவ்வளவு நீள்கிறது என்பதை எண்கள் தெளிவாக்குகின்றன. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 11 மில்லி வினாடி ஆகிறது. ராமிலிருந்து தரவைப் பெற 100 நானோ வினாடியளவே போதும் என்பதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு லட்சம் மடங்கை எட்டுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியைப் பொருத்துவதும் ராமைக் கூட்டுவதும் பழைய கணினிக்குப் புத்துயிர் தருவதன் காரணம் இதுவே. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், எந்த நிரல் நினைவகத்தை விழுங்குகிறது, டிஸ்க் எவ்வளவு நேரம் 100 சதவீதத்தில் நிற்கிறது என்பவற்றைக் காணலாம்.

நினைவகம் மிச்சமிருந்தும், பெரிய நிரல் எதுவும் ஓடாமல் இருந்தும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று, கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினி பல வினாடிகள் உறைந்து மீளுமானால், டிஸ்க்கே பழுதடைந்து வருவதாக ஐயுற வேண்டும். டிஸ்க்கினுள் உள்ள தகட்டின் ஒரு பகுதி படிக்க முடியாதபடி கெட்டுவிடும்போது, டிஸ்க் அதனை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. அம்முயற்சி முடியும்வரை அத்தரவை எதிர்பார்த்திருக்கும் நிரல்களும் நின்றுவிடுகின்றன. டிஸ்க்குகள் இத்தகைய பிழைகளை 'ஸ்மார்ட்' என்ற பதிவில் தாமே குறித்துவைக்கின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் அப்பதிவைப் படித்துக் காட்டுகின்றன. அதில் எச்சரிக்கை தென்பட்டால், பழுது நீக்கும் கட்டளைகளை ஓட்டுவதற்கு முன்பாக முக்கியக் கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுத்துக்கொள்வது இன்றியமையாதது. ஏனெனில் டிஸ்க் முழுவதையும் துருவிப் பார்க்கும் சோதனையே அதன் கடைசி உழைப்பாக முடிந்துவிடலாம்.

வெப்பத்தின் மீது பழி சற்று மிகையாகவே சுமத்தப்படுகிறது. செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே சென்றால் கணினி அணைந்துவிடும். ஆகவே வெப்பத்தின் அடையாளம் பெரும்பாலும் மந்தமும் திடீர் நிறுத்தமுமே. ஆயினும் விசிறியில் படிந்த தூசியை நீக்குவதும், மெத்தையின் மீது வைத்துக் காற்றுத் துளைகளை அடைக்காதிருப்பதும் செலவில்லாத காரியங்கள்.

அடியோடு நின்றுபோகும் வகையில் ஐயத்துக்குரியவை இரண்டு: பழுதான ராம், பொருந்தாத டிரைவர், அதாவது வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள். பென் டிரைவிலிருந்து உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவாமலே இயக்கி, சில மணி நேரம் பயன்படுத்தும்போது உறைவு ஏற்படவில்லையெனில், குற்றம் விண்டோஸிலோ அதன் டிரைவரிலோ டிஸ்க்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அங்கும் உறைந்தால் மெம்டெஸ்ட்86 என்ற நிரலைக் கொண்டு ராமை இரவு முழுதும் சோதிக்கலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டு மின்வழங்கலைச் சந்தேகிப்போர் பலர். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது தெரிவிப்பதால், உறைந்த கணினியைப் பவர் பொத்தானை அழுத்தி அணைத்தாலும் அதே பதிவு தோன்றும்.

விண்டோஸ் தொடங்குவதற்கு முன் தோன்றும் பயாஸ் திரையிலேயே கணினி உறையுமாயின், டிஸ்க்கைக் கழற்றி, ராமை மாற்றிப் பார்த்த பின்னும் அது தொடருமாயின், மதர்போர்டில் பழுது இருக்கலாம். கணினியின் வயதைக் கருதினால் பல வேளைகளில் அதைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது. டிஸ்க் தனியே கழற்றக்கூடியதாக இருந்தால், அதனை யூஎஸ்பி உறையில் பொருத்தி மற்றொரு கணினியில் கோப்புகளைத் திறக்கலாம். பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் மட்டும் அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும்.