எண்ணெய், எரிவாயுத் துறை வேலை: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செங்காங் சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ளது. எண்ணெய், வேதிப்பொருள் ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு தென்மேற்கில் உள்ளது. ரயிலில் பூன் லே வரை சென்ற பிறகும் பேருந்துப் பயணம் உண்டு. இருந்தும், தேர்வு முடிவுகள் வந்ததும் செங்காங்வாசிகள் பலரின் வீடுகளில் எழும் கேள்வி இது: “எண்ணெய்த் துறையில் நல்ல சம்பளமாமே, பிள்ளையைச் சேர்க்கலாமா?”

சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. ஆனால், 1961ல் புலாவ் புக்கோமில் ஷெல் நிறுவனம் முதல் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. பின்னர் ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கப்பட்ட ஜூரோங் தீவு, 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் சிங்கப்பூர் உலகில் முதலிடம் வகிக்கிறது. 2024ல் கிட்டத்தட்ட 55 மில்லியன் டன் எரிபொருள் இங்கு விற்பனையானது.

என்னென்ன வேலைகள்?

ஆலையின் அன்றாட இயக்கத்தைக் கவனிப்பவர் செயல்முறைத் தொழில்நுட்பர். வெப்பம், அழுத்தம், ஓட்டம் ஆகியவற்றை அவர் கட்டுப்பாட்டு அறைத் திரைகளிலும் நேரில் சென்றும் கண்காணிப்பார். இயந்திரம், மின்சாரம், அளவுக்கருவிப் பராமரிப்புக்கு ஆட்கள் தேவை. ஆய்வுக்கூடம், பாதுகாப்பு மேற்பார்வை, கப்பல் பட்டறை ஆகியவற்றிலும் வேலைகள் உண்டு. நகர மையத்தில் எண்ணெய் வர்த்தகம், கப்பல் ஆவணங்கள், கணக்கு சார்ந்த அலுவலக வேலைகளும் உள்ளன.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர்கள் தொழில்நுட்பர்களாகத் தொடங்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் பொறியியல், இயந்திரவியல், மின்னியல் போன்றவற்றில் பட்டயம் பெற்றவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. பொறியாளர் பணிக்குப் பட்டப்படிப்பு தேவைப்படும்.

சிரமங்களும் உண்டு

ஆலைகள் இரவு பகலாக இயங்குவதால் பலவற்றில் 12 மணி நேர மாறுநேர வேலை. தீபாவளி, பொங்கல் என்றாலும் முறை வந்தால் வேலைக்குப் போக வேண்டும். மூடிய தொட்டிக்குள் இறங்குமுன் காற்றுச் சோதனையும் எழுத்துபூர்வப் பணி அனுமதியும் கட்டாயம். அவசரத்தில் விதியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

எண்ணெய் விலையும் இந்த வேலைகளை ஆட்டிவைக்கும். 2014ன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே சரிந்தது. அந்தக் காலகட்டத்தில் இங்குள்ள கடல்துறைப் பொறியியல் நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். புக்கோமில் பணியாளர் எண்ணிக்கையை 1,300லிருந்து 2023க்குள் 800 ஆகக் குறைக்கப்போவதாக 2020ல் ஷெல் அறிவித்தது. 2025ல் அந்த ஆலை கைமாறியது.

கரிம வரியும் ஏறிவருகிறது. டன்னுக்கு 5 வெள்ளியாக 2019ல் தொடங்கிய வரி, 2024ல் 25 வெள்ளியானது. 2026ல் அது 45 வெள்ளி. 2050க்குள் நிகர சுழியக் கரிம வெளியேற்றம் என்பது நாட்டின் இலக்கு.

அப்படியானால் வேண்டாமா?

எண்ணெயை மட்டும் நம்பாமல், திறனை நம்பிச் சேர்வதே விவேகம். துவாசில் உள்ள நெஸ்டே ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கிறது. அங்கும் குழாய், அழுத்தம், அளவுக்கருவி தெரிந்தவர்களே தேவை. திரவ இயற்கை எரிவாயு முனையத்திலும் மருந்துத் தொழிற்சாலையிலும்கூட இதே அடிப்படைத் திறன்கள் கைகொடுக்கும். ஒரே நிறுவனத்தின் இயந்திரத்தை மட்டும் பழகியவருக்கு வேறிடம் போவது கடினம்.

எனவே, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவது நல்லது. மாறுநேர முறை என்ன? படித்தொகை நீங்கலாக அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பயிற்சிச் சான்றிதழ் மற்ற நிறுவனங்களிலும் செல்லுமா? வேலை நிரந்தரமா, ஒப்பந்த அடிப்படையிலா?

ஏற்கெனவே வேறு துறையில் இருப்பவர்களும் மாறலாம். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்காக 2024 மே முதல் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கூடுதல் தொகை வழங்கப்பட்டுள்ளது. வேலை மாற்றத் திட்டங்கள் பற்றி உரிய அரசாங்க அமைப்பிடம் கேட்டறியலாம்.