பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்களா?

பால் கொண்டு செல்லவும் சந்தைக்குப் போய்வரவும் விவசாயிகள் பலர் பழைய ஸ்கூட்டர் வாங்குகின்றனர். மாடு வாங்கும்போது பல்லும் சுழியும் பார்ப்பதுபோல, வண்டிக்கும் பார்க்க வேண்டியவை உண்டு.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்கவும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, செலவு வைக்கும். ஆர்.சி.யிலுள்ள என்ஜின், சேஸிஸ் எண்கள் வண்டியில் பொறித்தவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; எஞ்சிய காலத்தைக் கணக்கிட்டு விலை பேசவும். கடன் பதிவு இருந்தால், விற்பவர் அதை ரத்து செய்து தந்த பிறகே பணம் கொடுக்கவும்.

29, 30ஆம் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றுவது அவசியம். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே விற்கும் விவசாயிகளும் சாவியைக் கொடுத்ததோடு இருந்துவிடக் கூடாது.