கண்ணகி முதல் கொரியத் தொடர்கள் வரை: பழிவாங்கும் கதைகளைப் பார்ப்பது எப்படி?

தாதர், மாட்டுங்கா, செம்பூர் என்று எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகள் கைப்பேசியில் கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "என்னடா இது, புரியாத பாஷையில!" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தொடர்களில் ஒரு வகை நமக்கு மிகப் பழக்கமானது. சட்டம் கைவிட்டவன் தானே நீதி வழங்கக் கிளம்பும் கதைதான் அது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி எடுத்த எடுப்பில் மதுரையை எரிக்கவில்லை. முதலில் அரசவைக்குப் போய் வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்து, தன்னுடையதில் இருப்பது மாணிக்கப்பரல் என்று நிரூபித்தாள். பாண்டியன் தவற்றை உணர்ந்து உயிர் துறந்தான். பிறகுதான் தீ. ஆகவே இப்படிப்பட்ட கதை எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கலாம். நாயகன் முதலில் நீதியின் கதவைத் தட்டினானா? பழிவாங்கிய பிறகு அதன் விலையை யார் கொடுத்தார்கள்?

நம் ஊர்க் கதையான 'நாயகன்' (1987) இரண்டாவது கேள்விக்கு நல்ல உதாரணம். தன்னை வளர்த்தவர் காவலில் இறந்ததற்காக வேலு நாயக்கர் இன்ஸ்பெக்டர் கேல்கரைக் கொல்கிறார். அந்த இன்ஸ்பெக்டரின் மகன் கையாலேயே, கோர்ட்டில் விடுதலையாகி வெளியே வரும்போது, அவர் சுடப்பட்டு இறக்கிறார். இந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த வரதராஜ முதலியார் 1988-இல் சென்னையில் காலமானார். தாராவி, மாட்டுங்கா பக்கம் அவரிடம் பஞ்சாயத்துக்குப் போனவர்கள் பலர். கள்ளச்சாராயத் தொழிலும் அவருடையதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, பார்க்கத்தக்க நான்கு கொரியத் தொடர்கள்.

'டாக்ஸி டிரைவர்' (2021): பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பழிவாங்கித் தரும் ஒரு டாக்ஸி கம்பெனியின் கதை. இதற்குப் பின்னால் நிஜக் கோபம் இருக்கிறது. 2008-இல் எட்டு வயதுச் சிறுமிக்குக் கொடுமை செய்த ஒருவனுக்கு, குடிபோதையில் இருந்தான் என்பதைக் கணக்கில் கொண்டு, 12 ஆண்டு தண்டனைதான் கிடைத்தது. 2020 டிசம்பரில் அவன் விடுதலையானபோது கொரிய மக்கள் கொதித்தார்கள். நான்கே மாதத்தில் இந்தத் தொடர் வெளிவந்தது. அதன் தொடக்கமே அப்படி ஒருவன் சிறையிலிருந்து வெளியே வருவதுதான்.

'வின்சென்சோ' (2021): 'காலா' (2018) பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும். ஒரு பழைய கட்டடத்தில் இருப்பவர்களைப் பெரிய கம்பெனி விரட்டப் பார்க்கிறது. எதிர்த்து நிற்பவன் இத்தாலிய மாஃபியாவின் வக்கீல். அவன் நல்லவன் என்று தொடர் கடைசிவரை சொல்வதில்லை.

'தி டெவில் ஜட்ஜ்' (2021): விசாரணை டிவியில் நேரடியாகக் காட்டப்படுகிறது, ஜனங்கள் கைப்பேசியில் ஓட்டுப் போடுகிறார்கள். எழுதியவர் முன்னாள் நீதிபதி மூன் யூ-சொக். கூட்டத்தின் கைதட்டல் நீதியாகிவிடுமா என்று கேட்கும் தொடர் இது.

'தி குளோரி' (2022-23): பள்ளியில் சகமாணவர்களால் சூடு வைக்கப்பட்ட பெண் போலீஸிடம் போகிறாள், ஆசிரியரிடம் போகிறாள். பெற்ற தாயே காசு வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறாள். கண்ணகியைப் போல எல்லாக் கதவையும் தட்டிய பிறகே அவள் பழி தொடங்குகிறது. அதற்கு விலையாக அவள் இளமை முழுவதும் போகிறது. சித்திரவதைக் காட்சிகள் உண்டு, சிறு பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்.

"கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், தாதாவிடம் போனால் ஒரே நாளில் முடியும்" என்ற பேச்சை மும்பைத் தமிழர்கள் கேட்டிருப்போம். அந்த ஏக்கம் பொய்யில்லை. ஆனால் கோர்ட் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. தாதாவின் தீர்ப்புக்குக் கிடையாது. இன்று நமக்காக ஓங்கிய கை நாளை நம்மை நோக்கித் திரும்பினால் முறையிட இடமில்லை.

ஆகவே, பிள்ளைகள் கையிலிருக்கும் கைப்பேசியைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தொடரைச் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் 'நாயகன்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள். சிலம்பின் கதையையும் சொல்லுங்கள். அந்த இரண்டு கேள்வியையும் அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.