உங்களுக்குத் தெரியுமா? அந்தச் சட்டை சிவப்பா, கறுப்பா?

அமெரிக்காவின் பழைய ‘பாய்ஸ் கிளப்’ படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றி, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். தொப்பியும் முட்டிவரை கால்சட்டையுமாக நிற்கும் அந்தப் பையன்களைப் பற்றிச் சில செய்திகள்.

● பையன்களின் கிளப்பைத் தொடங்கியவர்கள் பெண்கள். 1860-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் மேரி குட்வின், ஆலிஸ் குட்வின், எலிசபெத் ஹேமர்ஸ்லி மூவரும் தெருவில் திரிந்த பையன்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதன் பெயர் டேஷவே கிளப். 1906-ல் இப்படிப்பட்ட 53 கிளப்கள் பாஸ்டனில் ஒன்றுசேர்ந்தன. அந்த அமைப்பின் பெயரில் ‘கேர்ள்ஸ்’ என்ற சொல் ஏறியது 1990-ல்தான். தொடங்கிவைத்தவர்களை நினைத்தால் இந்தத் தாமதம் மனதை உறுத்துகிறது.

● நியூயார்க்கில் பேப்பர் விற்கும் பையன்களுக்கென்று 1854-லேயே ஒரு விடுதி திறந்தார்கள். ஓர் இரவுப் படுக்கைக்கு 6 சென்ட்.

● அந்தக் காலத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது. நீல ஒளி பட்டால் உடனே பதியும், சிவப்பு பட்டால் அசையாது. அதனால் சிவப்புச் சட்டை கறுப்பாக விழும், வானம் வெளுத்துப்போகும், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் முகத்திலுள்ள பழுப்புப் புள்ளிகள் கருத்துத் தெரியும். படத்தில் கறுப்பாகத் தெரியும் சட்டை நிஜத்தில் கறுப்பா, சிவப்பா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

● அப்படியானால் கணினி எப்படிச் சொல்கிறது? ஊகிக்கிறது. வெளிச்சத்தையும் இருளையும் அப்படியே வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான வண்ணப் படங்களைப் பார்த்த பழக்கத்தில் நிறத்தை மட்டும் மேலே பூசுகிறது. சந்தேகம் வந்தால் எதிலும் சேராத ஒரு நடுநிறத்தில் போய் நின்றுகொள்ளும். பல படங்களில் எல்லாப் பையன்களும் ஒரே பழுப்புக் கோட்டில் நிற்பது இதனால்தான். விரல்களை உற்றுப் பாருங்கள்: முகம் ரோஜா நிறத்தில் இருக்கும், அசைந்து மங்கிய விரல் நுனி சாம்பலாகவே நிற்கும். காதோரத்துத் தோல் நிறம் பின்சுவர்மேல் வழிந்திருக்கும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் கையால் வண்ணம் தீட்டியவர், “அம்மா கட்டியிருந்த சேலை என்ன நிறம்?” என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள முடிந்தது. கணினிக்குக் கேட்க ஆளில்லை.

● அந்தக் காலத்துப் பையன்களை மிக அதிகமாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக, வேலை செய்யும் பிள்ளைகளைப் படமெடுக்க ஊர் ஊராகப் போனார். முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், தீயணைப்புச் சோதனையாளர் என்று ஏதாவது சொல்லி நுழைவார். பிள்ளையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளந்துகொள்வார்.

பார்த்தால் கிளப் படம்போலவே தோன்றும் ஒன்று, 1910 ஏப்ரலில் அவர் புரூக்ளினில் எடுத்தது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடம். மணி இரவு ஒன்று. பையன்கள் ஆட வரவில்லை. பெரியவர்கள் சாய்த்த கட்டைகளை மறுபடி மறுபடி நிமிர்த்தி வைப்பதுதான் அவர்கள் வேலை. இன்னும் சின்னவர்கள் மூன்று பேரை முதலாளி படத்தில் விழாமல் தள்ளி நிறுத்திவிட்டார் என்று ஹைன் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைக் கழற்றிவிட்டு வண்ணத்தை மட்டும் ஏற்றி மாட்டினால் அது ஒரு குதூகலமான விளையாட்டுப் படம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வண்ணம் வேண்டுமானால் இருக்கட்டும். அந்தக் குறிப்பையும் கீழே அச்சிடுங்கள்.

● குழந்தைத் தொழிலாளர் குழுவின் 5,000-க்கும் அதிகமான படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. வண்ணம் பூசாத மூலத்தை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

● ஹைனின் தகடுகளில் பெரும்பாலானவை 5-க்கு 7 அங்குலம். கடையில் தயாராகக் கிடைக்கும் 16-க்கு 20 ஃபிரேமில் அது முழுதாக நிறையாது. நிறைக்க நீளவாட்டில் வெட்டுவார்கள். குழுப்படம் என்றால் வரிசையின் ஓரத்தில் நிற்கும் பையனின் தோள் போய்விடும், சில சமயம் ஆளே போய்விடுவான். 20-க்கு 28 அளவில் ஃபிரேம் செய்யச் சொல்லுங்கள், எல்லாரும் உள்ளே இருப்பார்கள்.