பரம்பரை மறதிநோயும் மகளிர் நினைவாற்றலும்

தென்னமெரிக்காவின் கொலம்பிய நாட்டிலே அந்தியோக்கியா என்றொரு மலைநாட்டுப் பகுதி உண்டு. அங்குள்ள சில குடும்பங்களில், நாற்பது வயதைக் கடந்த தாயோ தந்தையோ சொன்னதை மறப்பதும், நடந்த வழியை மறப்பதும், ஈற்றிலே பெற்ற மக்களையே அறியாதொழிவதும் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வந்தன. ஊரவர் இதனைப் 'பேதைமை' எனப் பொருள்படும் 'போபேரா' என்ற சொல்லால் வழங்கினர். சாபமென்று கொண்டாரும் உளர். மெடெயின் நகரத்து நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேரா 1980களில் தொடங்கி, 2024இல் மறையும் வரையும் இக்குடும்பங்களை ஆராய்ந்தார். தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளின் துணைகொண்டு ஏறக்குறைய ஆறாயிரம் பேரடங்கிய வமிசாவளி வரையப்பட்டது. நோய் அல்சைமர் நோயே என்பதும், 14ஆம் நிறமூர்த்தத்திலுள்ள 'பிரெசெனிலின் 1' என்னும் பரம்பரையலகின் பிழையே அதற்குக் காரணமென்பதும் 1990களில் தெளிவாயின.

இப்பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றையும் அது சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் என்னும் வேறுபாடு அதற்கில்லை. பிழையைப் பெற்றோர் பெரும்பாலும் 44 வயதளவில் நினைவு தளர்ந்து, 49 அளவில் முற்றிய நோயாளராகின்றனர்.

முதுமையில் வரும் பொதுவான அல்சைமர் நோய் பெண்களிடமே மிகுதி. பெண்கள் நெடிது வாழ்வதும் அதற்கொரு காரணமாதலின், வயதின் விளைவு எது, பாலின் விளைவு எதுவென்று பிரித்தறிதல் அரிது. நோய் வரும் வயது முன்னரே ஏறக்குறையத் தெரிந்த இக்குடும்பங்களிலோ அச்சிக்கல் பெரிதும் குறைகின்றது.

பிழையைச் சுமந்தும் நோய் வெளிப்படாதிருந்த ஆண், பெண் இருபாலாரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. சொற்பட்டியலொன்றைக் கேட்பித்து, சற்று நேரங்கழித்து அச்சொற்களை நினைவுகூரச் செய்தபோது பெண்களே மேம்பட்டு நின்றனர். இத்தனைக்கும் மூளையிற் படிந்த அமிலொயிட்டுப் புரதத்தின் அளவு இருபாலாரிடத்தும் ஏறக்குறைய ஒத்தேயிருந்தது. சொல் நினைவில் மகளிர் இயல்பாகவே ஆடவரினும் சற்று வல்லவர் என்பது முன்னரே அறிந்ததொன்று. இழப்பு ஒத்ததாயினும், முதல் பெரிதாயுள்ள வணிகனுக்கு முட்டுப்பாடு பிந்தியே தோன்றுமன்றோ?

இது மகளிர்க்கு நற்செய்தி மட்டுமன்று. ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரே அளவுகோலை வைத்து நினைவைச் சோதிப்பின், மூளையில் நோய் வேரூன்றிய பின்னரும் 'குறையில்லை' என்று ஒரு பெண் திருப்பியனுப்பப்படக்கூடும். மருந்து தொடக்கத்திலேயே வேண்டப்படும் நோயில் இத்தாமதம் சிறிதன்று.

நோயை எதிர்க்கும் ஆற்றல் பெண்களுக்கே உரியதென்று முடிவு கட்டுவதும் தவறு. இப்பிழையைச் சுமந்தும் எழுபது வயதளவும் நினைவு கெடாதிருந்த பெண்ணொருவரைப் பற்றி 2019இலும், அவ்வாறே காக்கப்பட்ட ஆணொருவரைப் பற்றி 2023இலும் அறிவியலார் எழுதினர். பெண்ணைக் காத்ததாகக் கருதப்படுவது 'ஏபோ ஈ' அலகிலே நேர்ந்த அரிய மாற்றம். ஆணைக் காத்தது 'ரீலின்' என்னும் வேறொரு புரதத்தின் மாற்றம். இவ்விருவர் மூளையிலும் அமிலொயிட்டு மிகுந்தே இருந்தது.