எலும்பு உரைக்கும் உணவுச் சரித்திரம்

புராதன மக்கள் எதை உண்டு வாழ்ந்தார்கள் என்பதை அறிய, அகழ்வாராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் குப்பைக்குழிகளில் கிடைத்த கருகிய தானியங்களையும் விலங்கெலும்புகளையுமே நம்பியிருந்தார்கள். ஆனால் ஊரில் எது சமைக்கப்பட்டது என்பதை உரைக்கும் அச்சின்னங்கள், அதில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை உரைப்பதில்லை. அந்த இரண்டாவது கேள்விக்கு, மாண்டவரின் எலும்பிலிருந்தே விடை காணும் மார்க்கத்தை, ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்களாகிய ஐசோடோப்புகளின் ஆராய்ச்சி வகுத்துத் தந்திருக்கிறது.

இயற்கையில் உள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 99 பங்கு நிறை எண் 12 உடையவை. எஞ்சியவை, மிகச் சொற்பமானவை நீங்கலாக, 13 உடைய, சற்றே கனமான, காலத்தால் சிதையாத அணுக்கள். நெல்லும் கோதுமையும் கனமான அணுவைப் பெரிதும் ஒதுக்கிவிட, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு முதலியவை வேறு விதமாக ஒளிச்சேர்க்கை நிகழ்த்துவதால் அதனை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. இந்த வேற்றுமை உண்டவரின் எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் படிந்து நிற்கிறது. நைட்ரஜனிலோ, உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறுந்தோறும் கனமான அணுவின் விகிதம் ஆயிரத்துக்கு 3 அல்லது 4 பங்கு உயர்வதால், புலால் மிகுதியாக உண்டவரை அது காட்டிக்கொடுக்கிறது. நீர்த்த அமிலத்தில் எலும்பின் தாதுப்பொருளைக் கரைத்து, எஞ்சிய கொலாஜனை எரித்து வாயுவாக்கி, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் நிறைமானியில் செலுத்தி இவ்விகிதங்களை அளக்கிறார்கள்.

1977-இல் வோகல், வான் டெர் மெர்வே என்னும் இரு விஞ்ஞானிகள், நியூயார்க் மாநிலத்துப் பழைய எலும்புகளை இம்முறையில் ஆராய்ந்து, வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்தோருக்குப் பின்வந்த மக்களிடம் மக்காச்சோளம் பிரதான உணவாகிவிட்டதை நிறுவினார்கள்.

சமூகத்தின் உட்கூறுகளையும் இம்முறை புலப்படுத்தும் என்பதற்கு, இல்லினாய் மாநிலத்தில் மிஸிஸிப்பி நதியை அடுத்துள்ள கஹோக்கியா தக்க திருஷ்டாந்தம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செழித்த அந்நகரின் 72-ஆம் எண் மேட்டில், உயர்ந்தோர் மரியாதைகளுடன் அடக்கம் செய்யப்பட்டிருக்க, 50-க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் ஒரே குழியில் அடுக்கப்பட்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ், பைக்ஸ்ட்ரா, க்ரூகர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்ந்தோர் புலால் மிகுதியாக உண்டிருக்க, அக்குழியின் பெண்களோ பெரும்பாலும் மக்காச்சோளத்தைக் கொண்டே வாழ்ந்திருந்தார்கள்.

கடல்மீன் உண்பதாலும் கனமான கார்பன் மிகக்கூடுமாதலால், தானியச் சான்றுகளோடு சேர்த்தே இவ்வளவுகளைப் பொருள்கொள்ள வேண்டும். எனினும், எழுத்தே இல்லாத ஒரு சமூகத்தில், பெயரும் எஞ்சாத எளியோர் அனுபவித்த ஏற்றத்தாழ்வை அறிவித்து, சரித்திரம் விட்டுவிட்டவர்களையும் சரித்திரத்தில் சேர்ப்பதே இவ்வாராய்ச்சியின் தலையாய பயன்.