கடல்மேல் ஒரு குடித்தனம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர், தாங்கள் ஒரு தீவுக்குள் பிரவேசித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்? ஒரு புறம் காவிரியும் மறுபுறம் கொள்ளிடமும் ஓட, நடுவில் அமைந்த அவ்வூர் சாட்சாத் தீவேதான். எனினும் பாலமும் பஸ்ஸும் குழாய்த் தண்ணீரும் தெருக்கோடி மளிகைக் கடையும் இருப்பதால், தீவில் வாழ்கிறவனுக்குரிய கவலைகளில் ஒன்றுகூட அங்குள்ளோரை அணுகுவதில்லை. பாலம் எட்டாத சமுத்திரத் தீவுகளை நாடி, பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வாழ்கிறவர்களுக்கோ, குடிக்கிற தண்ணீர் முதல் கண்ணயர்கிற நேரம் வரை ஒவ்வொன்றும் முன்யோசனையோடு செய்துகொள்ள வேண்டிய காரியம். அந்த வாழ்க்கையை உல்லாசப் பிரயாணமென்றோ வீரசாகசமென்றோ மட்டும் கருதுகிறவர்கள் அதன் சாரத்தைத் தவறவிடுகிறார்கள். செட்டும் ஒழுங்கும் கலந்த குடித்தனமே அதன் உயிர்நாடி.

நம் காலத்தில் அதற்குத் தக்க உதாரணமாக விளங்குகிறவர்கள் இந்தியக் கடற்படை அதிகாரிகளான இரு பெண்மணிகள். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில், வேறு துணை எவருமின்றி, 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, ஃப்ரீமேன்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைமுகங்களில் தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து, உலகத்தை வலம் வந்து, 2025 மே 29-ஆம் தேதி கோவா திரும்பினார்கள். அதற்கு முன்னரே அவ்விருவரும் கோவாவிலிருந்து அந்தமானுக்கும், பிறகு மொரீஷியஸுக்கும் அதே படகில் இருவராகவே போய் வந்து, வெப்பமண்டலக் கடலின் குணங்களைப் பழகியிருந்தார்கள். 2017-18-இல் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண்கள் உலகைச் சுற்றி வந்ததும் இதே தாரிணியில்தான்.

கோவாவில் கட்டப்பட்ட தாரிணியின் நீளம் சுமார் 17 மீட்டர். அதாவது சத்திரத்தில் வந்து நிற்கும் டவுன் பஸ்ஸைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த இடத்துக்குள்தான் படுக்கை, சமையற்கட்டு, கடற்படம் விரிக்கும் மேஜை, தண்ணீர்த் தொட்டி, மாதக்கணக்கான ஆகாரம், மாற்றுப் பாய்கள், கயிறுகள், பழுது பார்க்கும் கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். ஆகையால் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது அங்கே நல்ல வழக்கம் என்ற அளவில் நிற்பதில்லை. அது உயிர் காக்கும் விதி. நள்ளிரவில் கயிறு சிக்கிக்கொண்டு, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போது, கத்தி எங்கே என்று தேடுவதற்கு எவருக்கும் அவகாசம் இராது.

இத்தகைய படகில் இரவு, பகல் என்ற பிரிவினை பெயருக்குத்தான். இருவர் மட்டுமே உள்ள படகில் ஒருவர் கண் விழித்துக் காவலிருக்க, மற்றவர் சில மணி நேரம் உறங்குவார். பிறகு முறை மாறும். தானாக இயங்கும் சுக்கான் திசையைப் பிடித்துக்கொண்டாலும், மனிதக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. ஏனெனில் தொடுவானத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும் சரக்குக் கப்பல் இருபது நிமிஷத்துக்குள் பக்கத்தில் வந்துவிடக் கூடும். அதனால் அரைகுறைத் தூக்கத்தைப் பகுதி பகுதியாகச் சேர்த்துக்கொள்வதும், துணைவரின் தூக்கத்தைத் தன்னுடைய தூக்கத்தைவிட அருமையாகப் பாதுகாப்பதும் இவ்வாழ்க்கையின் முதல் தர்மமாகின்றன.

பூமத்திய ரேகையை அண்டியதும் காற்று விழுந்துவிடும். காற்றிருக்கும்போது பாய் புடைத்து நின்று படகை நிலைநிறுத்துகிறது. அது ஓய்ந்தபின் அலையின் ஆட்டம் மட்டும் மிஞ்சுவதால், அசையாத வெயிலில் படகு முன்னேறாமலே இருபுறமும் புரண்டு, தொய்ந்த பாய் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே புழுக்கம், வெளியே தகிக்கும் தளம். பிறகு வானத்தின் ஒரு மூலை கறுத்து, சில நிமிஷங்களில் பெருங்காற்றும் மழையும் ஒருங்கே வந்து மோதும். அதற்குள் பாயைச் சுருக்கிவிட வேண்டும். சுருக்கிய கையோடு, மழை நீரைப் பாயிலிருந்து வடித்துப் பாத்திரங்களில் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். நெடும் பிரயாணப் படகுகளில் கடல் நீரை நன்னீராக்கும் இயந்திரம் உண்டு. ஆயினும் அது மின்சாரத்தை விழுங்குவது. மின்சாரமோ எரிபொருளையும் சூரிய ஒளியையும் நம்பியது. ஆகவே பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் முதலில் கடல் நீரில். கடைசியாக உடம்பைக் கழுவ மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர். உப்பு நீரில் துவைத்த துணி வெயிலில் மொரமொரவென்று காய்ந்தாலும், இழைகளில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், இரவில் மறுபடியும் பிசுபிசுக்கும். அத்துணியை நாள்தோறும் உடுத்தினால் தோலில் புண் காண்பதும் உண்டு. அதனால்தான் நல்ல மழை பெய்கிற நாள் படகுக்காரர்களுக்குப் பண்டிகை நாளாகிவிடுகிறது: அன்று துணி துவைக்கலாம், தலை முழுகலாம்.

சமையற்கட்டில் அடுப்பு கீலில் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டத்திலேயே நிற்பதற்காக இந்த ஏற்பாடு. குழம்பு சிந்தி மேலே கொட்டினால் வைத்தியர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார் என்பதால், மூடி இறுகப் பூட்டிக்கொள்ளும் பிரஷர் குக்கரே அங்கே உற்ற தோழன். கீரையும் தக்காளியும் சில நாளில் அழிந்துவிட, வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமான வலைப்பையில் வாரக்கணக்கில் தாங்கும். அவற்றையும் அடிக்கடி புரட்டிப் பார்த்து, அழுகியதை உடனே களைய வேண்டும். அதன் பிறகு பருப்பும் அரிசியும் உலர்த்திப் பதப்படுத்திய உணவும்தான் கதி.

தீவை அடைவதில்தான் பிரயாணத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். லட்சத்தீவும் மாலத்தீவும் பவளப்பாறைகளால் ஆன தீவுகள். பாறை, நீர்மட்டத்துக்குச் சிறிதே கீழே மறைந்து கிடக்கும். கண் தேர்ந்தவர்கள் நீரின் நிறத்தைக் கொண்டே ஆழத்தைச் சொல்வார்கள்: கருநீலம் ஆழம், இளம்பச்சை மணல்திட்டு, பழுப்பு பாறை. அந்நிறங்கள் தெளிவாகத் தெரிவது சூரியன் உச்சியிலோ முதுகுப்புறமோ இருக்கும்போதுதான். ஆகவே அந்தியில் வந்து சேர்ந்தவர்கள், கரை கண்ணெதிரே இருந்தும், விடிந்து வெயிலேறும் வரை வெளிக்கடலிலேயே காத்திருப்பார்கள். உள்ளே வந்தபின் பவளத்தைச் சிதைக்காமல் மணலில் நங்கூரமிட்டு, ஆழத்தைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாத சங்கிலியை விட்டு, அது பிடித்துக்கொண்டதா என்று நீரில் இறங்கிப் பார்த்த பிறகே நிம்மதியான தூக்கம்.

உப்பும் வெயிலும் உராய்வும் ஓயாமல் படகைத் தின்றுகொண்டிருப்பதால், தினம் ஒரு முறையேனும் முனைக்கு முனை நடந்து கயிறு, கொக்கி, தையல் ஒவ்வொன்றையும் சோதிப்பதும் நித்திய கடமை. 2018 ஏப்ரலில் தாரிணியே சுக்கான் பழுதாகி, திட்டத்தில் இல்லாத போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குள் புக நேர்ந்தது.

இவையெல்லாம் தமிழருக்குப் புதியவையல்ல. தூத்துக்குடித் தோணிகள் இயந்திரம் பூட்டப்படுவதற்கு முன் பாயை மட்டும் நம்பி இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போயின. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அழைத்த நெய்தல் நில மக்களிடம், காற்றின் முகம் பார்த்து நடக்கும் தண்டல்கள் என்னும் தோணித் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோன்றினார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இவ்வளவு அநுபவமும் கடற்கரைச் சிற்றூர்களுக்குள் ஒடுங்கிவிட, உள்நாட்டில் வாழும் நாம் கடலைக் காட்சிப் பொருளாகவே கருதிவிட்டோம்.

காவிரிக் கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம் ஊரில் இன்று ஏராளம். பெற்றோர் முதலில் அவர்களுக்கு நீச்சல் கற்பிக்கட்டும்; தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர ஒரு மகன் விரும்பினாலும் மகள் விரும்பினாலும், ஒரே மனத்தோடு அனுப்பி வைக்கட்டும். சிக்கனம், சுத்தம், பொறுமை, உடனிருப்பவர்மேல் கரிசனம் ஆகிய நான்கையும் பாய்மரப் படகைப்போல் ஐயமறக் கற்பிக்கிற பள்ளிக்கூடம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை; அதன் கதவு நம் வீட்டுப் பெண்களுக்கும் திறந்திருக்கிறதென்பதைப் புதுச்சேரியின் மகள் ஒருத்தி உலகைச் சுற்றி வந்து நிரூபித்திருக்கிறாள்.